கோரம்

ஞாயிறு காலை பத்தரை.
சோமனூரில் நூல் மண்டியின் மாடி.
இறுதித்துணை அறப்பணிச் சங்கத்தின்
பதினான்காம் ஆண்டுப் பொதுக்குழு.
எழுபது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தோம்.
இருபத்தொரு நாள் முன்பே
அறிவிப்பு தபாலில் போயிற்று, வாட்ஸப்பில் போயிற்று.
போதாதென்று தலைவர் பொங்கியண்ணன்
ஒவ்வொருத்தரையும் போனில் கூப்பிட்டு
'மத்தியானம் அரிசிம்பருப்பு சாதமுங்க' என்றும்
சொல்லியிருந்தார்.

விதி பதினொன்று:
உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கு.
அறுபத்து மூன்றில் இருபத்தொன்று.
கோரம் என்போம்.
பேப்பரில் அந்தச் சொல் வந்தால்
அவினாசி ரோட்டில் லாரி கவிழ்ந்திருக்கும்.
எங்கள் நோட்டில் வந்தால்
ஆள் வரவில்லை.

பத்து ஐம்பதுக்கு இருபது கையெழுத்து.
நான் இரண்டு தடவை எண்ணினேன்.
பொருளாளர் கருணாம்பிகை மூன்றாம் தடவை எண்ணி,
தன்னையே விட்டுவிட்டோமென்று சந்தோஷப்பட்டு,
விடவில்லை என்று தெரிந்ததும்
போய் ஃபேனைக் கூட்டி வைத்தார்.

அப்போது படியேறி வந்தார் கிட்டுசாமி.
கையில் சுருட்டிக் கட்டிய ஒயர், மூன்று துளை பிளக்.
'குளிர்பெட்டியோட வந்ததுங்க.
கட்டிலுக்கடியில கெடந்துச்சு. நேத்துத்தான் பாத்தனுங்க.'

இருபது தலையும் திரும்பின.
'உக்காருங்க, உக்காருங்க' என்றார்கள்
இதுவரை அவரை உட்காரச் சொல்லாதவர்களும்.

நான் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
செயலாளருக்கு அதுதான் வேலை.
ஏழு, உட்பிரிவு ஆ:
தொடர்ந்து இரண்டாண்டு சந்தா கட்டாதவர் பெயர்
தானாக நீங்கும்.
தானாக என்றுதான் போட்டிருக்கிறது.
சிவப்பு மையில் அடித்தது நான்.
அந்த இரண்டு வருசமும்
கூலி பேசி முடியாமல் தறி நின்ற வருசம்.
எட்டுத் தறியில் ஆறை எடைக்குப் போட்டார் கிட்டுசாமி.
போன மாசியில் அவர் சம்சாரம் ராயாத்தாள் தவறினார்.
பெட்டி போயிற்று.
பெட்டிக்கு விதி ஒன்றே ஒன்று:
கூப்பிட்டால் போகவேண்டும்.

'பாக்கியக் கட்டிட்டாப் போச்சு' என்றார் தலைவர்.
'ரெண்டாயிரத்தி நானூறுங்க.'
கருணாம்பிகை ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.
இரண்டு மூன்று பேர் சட்டைப்பையைத் தொட்டார்கள்.
கிட்டுசாமி ஒயரின் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு, உட்பிரிவு இ என்றேன்.
நீங்கியவரை மீண்டும் சேர்க்க
பொதுக்குழு தீர்மானிக்கவேண்டும்.
பொதுக்குழு தீர்மானிக்க இருபத்தொரு பேர் வேண்டும்.
இருபத்தொன்றாவது ஆள் இவர்.

'அப்ப, அவுரு உள்ள வாறதுக்கு
அவுரே மொதல்ல உள்ள இருக்கோணுமா?'
சாயப்பட்டறை முத்துரத்தினம் கேட்டார்.
யாரோ சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பதினான்கு வருசத்துக்கு முன்
அந்த வரியை எழுதியவள் நான்.
அரைப்புள்ளியா கால்புள்ளியா என்று
ஒரு ராத்திரி யோசித்திருந்தேன்.

கீழே போன் அடித்தது.
டிரைவர் சென்னியப்பன் பாதிப் படியில் நின்று சொன்னார்.
(சம்பளம் வாங்குபவர் உறுப்பினராக முடியாது, விதி ஒன்பது.
அவர் எப்போதும் பாதிப் படியில்தான் நிற்பார்.)
'சாமளாபுரத்துலங்க. மாடி வீடு, படி குறுகலாம்.
நாலு பேரு வேணுமுங்க.'

இதற்கு யாரும் நோட்டைப் பார்க்கவில்லை.
முத்துரத்தினம் எழுந்தார்.
பின்வரிசையில் அண்ணன் தம்பி இரண்டு பேர்,
பேசிக்கொண்டிருந்த சண்டையை நிறுத்தாமலே எழுந்தார்கள்.
நாலாவதாகக் கிட்டுசாமி.
வேட்டியை மடித்துக் கட்டினார்.
ஒயரை வாங்கக் கை நீட்டினேன்.
'இருக்கட்டுமுங்க. பிளக்கு எட்டத்துல இருந்தா
அங்க போயி என்ன பண்றது?'

வண்டி கிளம்பும் சத்தம்.
மிச்சம் பதினேழு.
அடுத்த ஞாயிறு, இதே மாடி.
ஒத்திவைத்த கூட்டத்துக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை,
அது விதி பன்னிரண்டு,
அதையும் நானே எழுதியிருக்கிறேன்.
பொருள் ஒன்று: விதி ஏழு.
எழுபது பேருக்கு வடித்த சாதத்தில்
ஐந்து பேருக்குத் தூக்கில் போட்டு மூடினார் கருணாம்பிகை.

நிகழ்ச்சிக் குறிப்பில்,
போதிய எண்ணிக்கை இன்மையால், என்று முடித்தபின்
வருகைப் பட்டியலின் அடியில்
பென்சிலால் ஒரு வரி சேர்த்தேன்:
கிட்டுசாமி. ஒயர் ஒப்படைக்க வந்தவர்.
ஒப்படைக்கவில்லை.